கடல் கடந்த கூட்டாளிப் பள்ளி வேண்டுமென்றால்: குளோப் திட்டம், ஒரு மதிப்பீடு

வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து நிலையான வளர்ச்சியைக் கற்பிக்கிறோம் என்று சேர்க்கை விளம்பரத்தில் போடும் பள்ளிகள் பெருகிவிட்டன. உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். திரையின் இரு பக்கமும் கையசைப்பு, இங்கிருந்து ஒரு நடனம், அங்கிருந்து ஒரு பாட்டு, ஐக்கிய நாடுகள் சபையின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளின் வண்ணக் கட்டங்களை ஒட்டிய சார்ட், கடைசியில் ஒரு ஸ்கிரீன்ஷாட். பிள்ளைகளுக்கு அன்று கொண்டாட்டம்தான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்த வாரம் பேச இரண்டு வகுப்புக்கும் எதுவும் மிஞ்சாது. இந்த வகைச் சேவை எதையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: இரண்டாவது அழைப்பில் பிள்ளைகள் எதைப் பற்றிப் பேசுவார்கள்?

அதற்கு உருப்படியான பதிலை வைத்திருப்பது குளோப் (GLOBE) திட்டம். பள்ளி மாணவர்கள் தங்கள் சுற்றுப்புறத்தின் காற்று, நீர், மண், மரம் ஆகியவற்றை உலகெங்கும் ஒரே முறையில் அளந்து ஒரே தரவுத்தளத்தில் சேர்ப்பது இதன் அடிப்படை. 1994 புவி நாளன்று அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் அறிவித்தார். அடுத்த ஆண்டு புவி நாளில் வேலை தொடங்கியது. நாசா முன்னின்று நடத்த, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவும் வெளியுறவுத் துறையும் துணை நிற்கின்றன. 120-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆறு வட்டாரங்களாகப் பிரிந்து இதில் இருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகள். சேரக் கட்டணம் கிடையாது. பதிவாகும் தரவு எல்லோருக்கும் திறந்தது.

குறைகளையும் முதலிலேயே சொல்லிவிடலாம். குளோப் உங்களுக்குக் கூட்டாளிப் பள்ளியைக் கையில் பிடித்துக் கொடுக்காது. நிலையான வளர்ச்சி என்ற பாடத்தையும் நடத்தாது. அளக்கக் கற்றுக்கொடுக்கும், அளந்ததைச் சேமித்து வைக்கும், அவ்வளவுதான். மிச்சம் ஆசிரியர் பாடு. அப்படியிருந்தும் இதையே பரிந்துரைக்கக் காரணம், மற்ற சேவைகளில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: இரண்டு வகுப்பும் சண்டை போட்டுக்கொள்ள ஓர் எண்.

மற்றவை என்றால் எவை? 1988-இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைத்துத் தொடங்கிய ஐயர்ன் (iEARN) அமைப்பு மூத்தது. அங்கே கூட்டாளி கிடைப்பது எளிது. 'கற்றல் வட்டம்' என்ற ஏற்பாட்டில் ஆறு முதல் எட்டு வகுப்புகளை ஒரு குழுவாக்கி, ஒரு பருவ காலத்துக்குக் கால அட்டவணையோடு நடத்துகிறார்கள். தொடக்கப் பள்ளிகளுக்கு அதன் கரடிப் பொம்மைத் திட்டம் இன்றும் நல்ல தேர்வு. இரு வகுப்பும் பொம்மையைத் தபாலில் மாற்றிக்கொண்டு, வந்த பொம்மையின் பெயரில் நாட்குறிப்பு எழுதி அனுப்புவார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் அது போதாது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சர்வதேசப் பள்ளி விருது நம் ஊர்களில் நன்கு அறிமுகமானது. முழு விருதுக்கு ஏழு செயல்பாடுகள், அவற்றில் குறைந்தது மூன்று கூட்டாளிப் பள்ளியோடு சேர்ந்து செய்தவை என்பது அதன் கணக்கு. விருது மூன்றாண்டுகள் செல்லும். பள்ளி முழுவதையும் அசைக்க நல்ல சட்டகம்தான். ஆனால் ஆதாரக் கோப்பு திரட்டுவதில் ஆசிரியரின் ஆற்றல் கரைந்துவிடும். யுனெஸ்கோவின் இணைப்புப் பள்ளி வலையமைப்பு 1953-இல் 15 நாடுகளின் 33 பள்ளிகளோடு தொடங்கியது. மதிப்பு உண்டு, ஆனால் யுனெஸ்கோவுக்கான தேசிய ஆணையம் வழியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு வகுப்பை இன்னொரு வகுப்போடு சேர்த்து வேலை வாங்க வேண்டும் என்பவர்களுக்கு அது உதவாது.

குளோபில் முதல் கூட்டு வேலைக்கு மேற்பரப்பு வெப்பநிலையை எடுப்பதே புத்திசாலித்தனம். மழைமானி, வெப்பமானிக் கூண்டு என்று இறங்கினால் இடப் பிரச்சினையிலேயே ஆண்டு ஓடிவிடும். கூண்டு தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், வெள்ளை வண்ணத்தோடு, நம் அரைக்கோளத்தில் கதவு வடக்கு பார்த்தபடி நிற்க வேண்டும். சுற்றியுள்ள கட்டடமோ மரமோ அதன் உயரத்தைப் போல நான்கு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். பத்து மீட்டர் உயரப் பள்ளிக் கட்டடம் என்றால் 40 மீட்டர். நகரத்துப் பள்ளிகளில் அத்தனை திறந்தவெளிக்கு எங்கே போவது? விதி முழுதாகப் பொருந்தாத இடத்தையும் விவரம் எழுதிப் பதிவு செய்ய அனுமதி உண்டு என்றாலும், முதல் ஆண்டிலேயே அந்தச் சிக்கல் வேண்டாம்.

மேற்பரப்பு வெப்பநிலைக்கு வேண்டியது தொடாமலே வெப்பம் அளக்கும் ஓர் அகச்சிவப்பு வெப்பமானி, ஒரு தாள், ஒரு பென்சில். ஒரே மாதிரியான தரைப்பரப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: புல்தரை, செம்மண் மைதானம், சிமெண்ட் முற்றம், தார்ச்சாலை எதுவானாலும் சரி. 90 மீட்டருக்கு 90 மீட்டர் இருந்தால் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட வசதி. 30-க்கு 30 இருந்தாலும் போதும். அதற்குள் குறைந்தது ஐந்து மீட்டர் இடைவெளியில் ஒன்பது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் கையை நீட்டி, கருவியை நேர் கீழே பார்க்கப் பிடித்து, ஒரு அளவு. ஒன்பதையும் கூட்டிச் சராசரி. தரை ஈரமா காய்ந்ததா என்ற குறிப்பு, கூடவே மேகக் குறிப்பு. பத்து நிமிட வேலை, ஒரு பாடவேளைக்குள் தாராளமாக முடியும்.

கூட்டுத் திட்டத்துக்கு இரு பள்ளியும் இரண்டிரண்டு பரப்பு எடுப்பது அவசியம்: பசுமையானது ஒன்று, கட்டப்பட்டது ஒன்று. ஒரே பரப்பை மட்டும் எடுத்தால் "உங்கள் ஊர் சூடு, எங்கள் ஊர் குளிர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது அளக்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு பரப்பு எடுத்தால் ஒப்பிட வேண்டியது வித்தியாசத்தை: புல்லுக்கும் சிமெண்ட்டுக்கும் இங்கே எத்தனை டிகிரி, அங்கே எத்தனை டிகிரி?

எஸ்தோனியா குளோபில் நீண்டகாலமாகச் சுறுசுறுப்பாக இருக்கும் நாடு, அதையே எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி நடுவில் நண்பகல் சூரியன் சென்னையில் சுமார் 64 டிகிரி உயரத்தில் நிற்கும். எஸ்தோனியத் தலைநகர் தாலினில் சுமார் 18 டிகிரிதான். அங்கே இரு பரப்பும் பனிக்கு அடியில் கிடந்தால் வித்தியாசம் ஏறக்குறைய இருக்காது. ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். இரண்டாவது அழைப்புக்கு விஷயம் அங்கே கிடைத்துவிடும்.

இனி எங்கே கெடும் என்பது. முதலில் கருவி. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி பல பள்ளிகளில் சும்மா கிடக்கிறது. அதை எடுத்து அளக்கத் தோன்றும். உடல் வெப்பநிலைக்கென்றே செய்த கருவி 32 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும், அதற்கு வெளியே போனால் பிழைச் செய்தி. பங்குனி வெயிலில் தார்ச்சாலை 50 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். தொழிற்கூடத்தில் பயன்படும் துப்பாக்கி வடிவக் கருவிதான் வேண்டும். எலெக்ட்ரிகல் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கும். இரு பள்ளியும் ஒரே மாடல் வாங்கினால் பாதிச் சண்டை மிச்சம்.

வாங்கும்போது அட்டைப் பெட்டியில் 12:1 அல்லது 8:1 என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். கருவி இருக்கும் தொலைவுக்கும் அது அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம் அது. ஒரு மீட்டர் தொலைவில் பிடித்தால் 12:1 கருவி சுமார் 8 செ.மீ. அகல வட்டத்தைப் பார்க்கிறது. 8:1 கருவி 12.5 செ.மீ. வட்டத்தை. சிவப்பு லேசர் புள்ளி குறி காட்டத்தான். அந்தப் புள்ளியின் வெப்பத்தையே கருவி அளக்கிறது என்று ஆசிரியர்களே நினைத்துக்கொண்டிருப்பது உண்டு. சாய்த்துப் பிடித்தால் வட்டம் நீண்டு பக்கத்துப் பரப்பையும் சேர்த்துக்கொள்ளும். நேர் கீழே என்ற விதி இதற்காகத்தான்.

அடுத்தது கருவியின் சொந்த வெப்பம். குளிர்சாதன அறையிலிருந்தோ, எஸ்தோனியப் பள்ளியின் சூடேற்றிய வகுப்பறையிலிருந்தோ எடுத்துக்கொண்டு நேராக வெளியே ஓடினால் முதல் சில அளவுகள் தவறும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பே நிழலான வெளியிடத்தில் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெப்பக் காப்புக் கையுறைக்குள் வைத்து எடுத்துப் போக வேண்டும். நம் பக்கம் மறக்கப்படும் படி இதுதான், ஏனென்றால் தலைமையாசிரியர் அறை பீரோவிலிருந்து கருவி வெளியே வருவதே மணி அடித்த பிறகு.

தகரக் கூரை, எவர்சில்வர் தகடு, அலுமினியத் தாள் எதன் மீதும் இந்தக் கருவியை நம்பக்கூடாது. விலை குறைந்த கருவிகள் பரப்பின் உமிழ்திறனை, அதாவது வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறனை, 0.95 என்று நிலையாக வைத்துக்கொள்கின்றன. மண், புல், சிமெண்ட், தார் எல்லாம் அதற்குப் பக்கத்தில் வரும். பளபளக்கும் உலோகம் வராது. அது தன் வெப்பத்தைக் குறைவாக உமிழ்ந்து, வானத்தின் குளிர்ச்சியைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும். தொட்டால் கை பொசுங்கும் தகரத்துக்குக் கருவி 30 டிகிரி காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த எண்ணை அப்படியே பதிவு செய்துவிட்டு, தகரக் கூரைதான் வீட்டுக்குக் குளிர்ச்சி என்று பிள்ளைகள் அறிக்கை எழுதும் அபாயம் உண்டு.

சொந்த நிழல் அளக்கும் இடத்தில் விழாமல் நிற்பது, எண் ஏறி இறங்கும்போது பெரியதைத் தேர்ந்தெடுக்காமல் நிலைத்ததை எழுதுவது, ஒன்பது புள்ளிக்கும் ஒரே மாணவரை அனுப்பாமல் முறை மாற்றுவது எல்லாம் இரண்டே வகுப்பில் பழகிவிடும்.

நேரம் பழகாது. அதைத் திட்டமிட்டுத்தான் சமாளிக்க வேண்டும். மேற்பரப்பு வெப்பநிலையை எப்போது வேண்டுமானாலும் அளந்து பதியலாம். ஆனால் இரண்டு நாட்டை ஒப்பிட வேண்டும் என்றால் இரு பக்கமும் சூரிய நண்பகலை, அதாவது சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை, ஒட்டி ஒரு மணி நேரத்துக்குள் எடுப்பதே சரி. இரு பள்ளியும் ஒரே கணத்தில் அளப்பது என்று வைத்தால் இங்கே உச்சிவெயில், அங்கே காலை. சூரிய நண்பகலும் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. சென்னை அதற்கு மேற்கே ஏறத்தாழ 2.2 டிகிரி தள்ளி இருப்பதால் சராசரியாக ஒன்பது நிமிடம் பிந்துகிறது. அதோடு பருவ வேறுபாடும் சேர்ந்து, பிப்ரவரி நடுவில் சென்னையின் சூரிய நண்பகல் 12.23-ஐ ஒட்டி விழும், நவம்பர் தொடக்கத்தில் 11.52-க்கே வந்துவிடும். கோவைக்கு இன்னும் 13 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். நல்ல வேளையாக இது மதிய உணவு இடைவேளையை ஒட்டியே வருகிறது, கால அட்டவணையைக் கிழிக்க வேண்டாம்.

பதிவேற்றும் படிவம் உலகப் பொது நேரத்தில் (UTC) இயங்குகிறது. இந்திய, இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். 12.20-க்கு எடுத்ததை அப்படியே 12.20 என்று போட்டால் தரவுத்தளத்தில் அது மாலை 5.50-க்கு எடுத்ததாகிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தரை 52 டிகிரி என்று வரைபடத்தில் தெரியும் புள்ளிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கழித்தல்தான் இருக்கிறது. கைப்பேசிச் செயலியில் எடுத்தால் நேரம் தானாகப் பதிவாகும். தாளில் எழுதி ஆய்வகக் கணினியில் ஏற்றும் பள்ளிகள் தாளின் தலைப்பிலேயே இரண்டு நேரத்துக்கும் கட்டம் போட்டு வைப்பது நல்லது.

ஐரோப்பியக் கூட்டாளி என்றால் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் காலண்டரில் வட்டமிட வேண்டிய நாட்கள். அன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள். தாலினுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் மூன்றரை மணி வித்தியாசம், கோடையில் இரண்டரை. காணொளி அழைப்புகள் பொய்த்துப்போகும் வாரம் அது.

கல்வியாண்டுக் கணக்கும் முக்கியம். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில், அரையாண்டு டிசம்பரில், பொதுத்தேர்வு மார்ச்சில், பிறகு கோடை விடுமுறை. எஸ்தோனியாவில் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய பள்ளி இல்லை. இரு பக்கமும் சேர்ந்து திறந்திருக்கும் காலம் அக்டோபர்–நவம்பர், ஜனவரி–பிப்ரவரி. முதலாவது நமக்கு வடகிழக்குப் பருவமழை: தரை பெரும்பாலும் ஈரம், நீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் புல்லுக்கும் சிமெண்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். மழை விடுமுறையும் குறுக்கே வரும். ஆகவே பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம் தொடங்கி பிப்ரவரி இறுதிக்குள் முடிப்பது உத்தமம். முதல் வாரம் இடத் தேர்வு, படங்கள், பதிவு. அடுத்த நான்கு வாரம் செவ்வாயும் வியாழனும் அளவு. ஆறாம் வாரம் தரவிறக்கி ஒப்பீடு. தாய்லாந்துப் பள்ளியோடு சேர்வதானால் அங்கே மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை நீண்ட விடுமுறை, அக்டோபரிலும் ஒரு விடுமுறை. ஜனவரி–பிப்ரவரி அங்கேயும் பொருந்தும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பை இதில் இழுக்க நினைக்க வேண்டாம். எட்டும் ஒன்பதும் சரியான வயது.

மேகப் பதிவு துணைக்கு வைத்துக்கொள்ள நல்லது. வானத்தில் எத்தனை பங்கு மேகம் என்பதைச் சதவீத வகையில் சொல்லி, உயரம் வாரியாக மேக வகையைக் குறித்து, நான்கு திசைக்கும் மேலே ஒன்றுக்கும் கீழே ஒன்றுக்கும் படம் எடுக்க வேண்டும். பிள்ளைகள் எப்போதும் மேகத்தைக் கூட்டியே சொல்வார்கள். தொடுவானத்தை ஒட்டிப் பார்க்கும்போது மேகங்களின் பக்கவாட்டும் இடைவெளியை மறைத்துவிடுவதுதான் காரணம். வானத்தை நான்கு காலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே மதிப்பிட்டுச் சராசரி பார்த்தால் திருந்திவிடும். இதில் நாசா தரும் ஒரு வசதி பாராட்டத்தக்கது. செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பின்னாக எடுத்த பதிவாக இருந்தால், செயற்கைக்கோள் மேலிருந்து கண்டதையும் நீங்கள் கீழிருந்து கண்டதையும் அருகருகே வைத்து மின்னஞ்சல் வரும். கீழடுக்கில் திரண்ட மேகம் மறைத்ததால் மேலடுக்கு மெல்லிய மேகத்தை வகுப்பு தவறவிட்டிருக்கும். மேலிருந்து பார்த்ததில் அதற்கு நேர்மாறாக நடந்திருக்கும். எந்தப் பாடநூலும் தராத பாடம் அது.

நீர் அளவைகள் இரண்டாம் ஆண்டுக்கு. நிலையான வளர்ச்சியோடு நேரடி முடிச்சு விழும் இடமும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நீர் பற்றிய ஆறாம் இலக்கின் 6.3.2 என்ற குறிகாட்டி, ஒரு நாட்டின் நீர்நிலைகளில் எத்தனை பங்கு நல்ல தரத்தில் இருக்கிறது என்று கேட்கிறது. ஆறு, ஏரிகளுக்கு அது பார்க்கும் அடிப்படை அளவுகள் ஐந்து: கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துத்திறன், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), நைட்ரஜன், பாஸ்பரஸ். முதல் மூன்றுக்கும் நைட்ரேட்டுக்கும் குளோபில் முறை இருக்கிறது. அதாவது பள்ளிக்குப் பக்கத்து ஏரியையோ கோயில் குளத்தையோ பிள்ளைகள் அளப்பதும், அரசாங்கம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அறிக்கை அனுப்புவதும் ஏறக்குறைய ஒரே பட்டியலைக் கொண்டுதான். சார்ட்டில் ஆறாம் எண் கட்டத்துக்கு நீலம் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சிக்கல்கள் உண்டு. பிஎச் மீட்டரை ஒவ்வொரு முறையும் பிஎச் 4, 7, 10 என்று முன்பே தெரிந்த தாங்கல் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். மின்முனை காய்ந்துபோனால் எண் அலைபாயும். கடத்துத்திறன் 200 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே உள்ள நீரில், மழைநீர் போன்றவற்றில், பிஎச் தாளும் மீட்டரும் சரியாக வேலை செய்யாது. சில உப்புப் பரல்களைக் கரைத்துவிட்டு அளக்கச் சொல்கிறது குளோப் முறை. நம் ஊர்க் குளங்களில் இந்தப் பிரச்சினை அரிது, கூட்டாளியின் ஏரியில் வரலாம். யார் உப்பு போட்டார்கள், யார் போடவில்லை என்பது குறிப்பில் இருக்க வேண்டும். மூன்று மாணவர்கள் தனித்தனியே அளந்து, சராசரியிலிருந்து குறிப்பிட்ட வரம்புக்கு மேல் விலகினால் மறுபடி அளக்க வேண்டும் என்ற விதி சலிப்பூட்டும். ஆனால் தரவை யாராவது நம்புகிறார்கள் என்றால் அந்த விதியால்தான்.

கரைந்த ஆக்சிஜன் கண்ணிவெடி. குப்பியைத் தண்ணீருக்கு அடியிலேயே நிரப்பி அங்கேயே மூட வேண்டும். ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் கணக்கு தப்பும். அளவு சரியாகவே வந்தாலும் விளக்கத்தில் சறுக்கலாம். வெந்நீரைவிடக் குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும்: 5 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 12.8 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5 மட்டும். அவர்கள் ஏரியில் 11, நம் ஏரியில் 7 என்று வந்ததும் "எங்கள் ஏரி அசுத்தம்" என்று நம் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், அவர்களும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அந்தந்த வெப்பநிலையில் எவ்வளவு கொள்ளுமோ அதில் எத்தனை சதவீதம் என்று மாற்றிப் பார்த்தால் அங்கே 86, இங்கே 93. நேரமும் விளையாடும். பாசி படர்ந்த குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ஏறி நிற்கும், விடியலில் தரைதட்டும். இரு பள்ளியும் ஒரே சூரிய நேரத்தில் எடுக்காவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

கூட்டாளியைத் தேடும் விஷயத்துக்கு வருவோம். தளத்தில் பள்ளிகளின் பட்டியலும் வரைபடமும் உண்டு. யார் அண்மையில் தரவு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். பட்டியலில் பெயர் இருக்கும் பள்ளியெல்லாம் உயிரோடு இருப்பதாக எண்ண வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் அளவு ஏற்றிய பள்ளியாகப் பார்த்து, அந்த நாட்டு ஒருங்கிணைப்பாளர் வழியாகக் கடிதம் அனுப்பினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். முதல் கடிதத்தில் "கலாசாரப் பரிமாற்றம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த வகுப்பு, எந்தப் பரப்பு, எந்த ஆறு வாரம், யார் பொறுப்பு என்ற நான்கையும் எழுதினால் எதிர்ப்பக்க ஆசிரியரால் ஆம், இல்லை என்று உடனே சொல்ல முடியும்.

பணக்கார நாட்டுப் பள்ளியோடு சேரும்போது உறவு நன்கொடையாகத் திரும்பிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. "உங்கள் ஊரில் என்னென்ன பிரச்சினை?" என்று அவர்கள் கேட்க, நம் பிள்ளைகள் பட்டியல் போட, அங்கே கேக் விற்றுப் பணம் திரட்டி அனுப்புவார்கள். பணம் கசக்காதுதான். ஆனால் அதன்பிறகு ஒரு வகுப்பு கொடுப்பது, இன்னொன்று வாங்குவது என்றாகிவிடும். ஒரே கருவியால் ஒரே முறையில் அளப்பது இதை இயல்பாகவே தடுக்கிறது. அதோடு பன்னிரண்டாம் இலக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நுகர்வு பற்றியது. இரு பள்ளியும் ஒரு மாத மின் கட்டண ரசீதை எடுத்து, யூனிட்டை மாணவர் எண்ணிக்கையால் வகுக்கட்டும். ஒரு வாரப் பிளாஸ்டிக் குப்பையைத் தராசில் நிறுக்கட்டும். இது குளோபில் இல்லாத பயிற்சி, ஆனால் கேள்வி கேட்கும் இடத்துக்கு நம் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள்.

சேவையின் தளம் பற்றிச் சில வார்த்தைகள். ஆசிரியர் இணையவழிப் பயிற்சி முடித்தால்தான் அந்தந்த அளவையைப் பதிய முடியும்: பொது அறிமுகம் ஒன்று, துறை அறிமுகம் ஒன்று, அளவை ஒவ்வொன்றுக்கும் ஒன்று, எல்லாவற்றின் முடிவிலும் வினாடிவினா. மேற்பரப்பு வெப்பநிலைக்கும் மேகத்துக்கும் சேர்த்து ஒரு சனிக்கிழமை போதும். பாடங்கள் ஆங்கிலத்தில், தமிழ்வழி வகுப்புக்கு அளவைத் தாளை ஆசிரியரே ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதிக்கொள்வது நல்லது. தளம் பழைய கட்டடத்துக்கு அறை அறையாகச் சேர்த்துக் கட்டியது போல இருக்கிறது: பதிவேற்ற ஒரு வாசல், வரைபடத்தில் பார்க்க இன்னொன்று, தரவிறக்க மூன்றாவது. மூன்றையும் வகுப்பு எதிரே முதன்முறையாகத் திறக்காதீர்கள். செயலி இணையம் இல்லாமலும் வேலை செய்யும், பிறகு ஏற்றலாம். மாணவர் கையில் கைப்பேசி தேவையே இல்லை, ஆசிரியருடையது ஒன்று போதும். படங்களில் மனித முகம் வரக்கூடாது என்ற விதியை மதியுங்கள். அளவிடும் இடத்தின் ஆயத்தொலைவுகள் உலகத்துக்குத் தெரியும் என்பதால் மாணவர் வீட்டை ஒருபோதும் இடமாகப் பதிய வேண்டாம்.

திட்டம் முடிந்ததும் இரு வகுப்பும் கூட்டாக அறிக்கை எழுதி, ஆண்டுதோறும் நடக்கும் மெய்நிகர் அறிவியல் கருத்தரங்குக்கு அனுப்பலாம். தன்னார்வ அறிவியலாளர்கள் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். பரிசுக்காக ஓட வேண்டாம், "உங்கள் ஒன்பது புள்ளிகளில் ஏழாவது ஏன் தனியாக நிற்கிறது?" என்பது போல முன்பின் தெரியாத ஒருவர் கேட்பது பதினான்கு வயதுக்குப் பெரிய விஷயம்.

அறிவியல் ஆசிரியர் ஒருவராவது மனதார இறங்கினால் குளோப் தரும் பலனுக்கு ஈடாக மற்றவற்றைச் சொல்ல முடியாது. சமூக அறிவியலோ மொழியோ முதன்மை என்றால் ஐயர்ன் பக்கம் போவது மேல். தொடக்கப் பள்ளிக்கும் அப்படியே. சுவரில் மாட்டச் சான்றிதழ் வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் அதற்கு வேறு சேவைகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளுக்கு ஒரு குறிப்பு: கணக்கைத் தொடங்கும்போதே இரண்டு ஆசிரியர்களைப் பள்ளியின் பெயரில் சேர்த்துவிடுங்கள், அவர்களில் ஒருவராவது இடமாறுதல் கலந்தாய்வுக்குப் போகாதவராக இருக்கட்டும். கடவுச்சொல் ஒருவரோடு வேறு மாவட்டத்துக்குப் போனால் ஜூன் மாதம் கூட்டாளிப் பள்ளிக்குப் பதில் எழுத ஆளிருக்காது.